சிறுவர் விளையாட்டும் கைப்பேசியும்

(வாலிகண்டபுரத்தில் ஊராட்சிப் பெரியோர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் சாலையைப் பற்றியோ குடிநீர்க் குழாயைப் பற்றியோ பேச வரவில்லை. மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழுவைப் பற்றியும் பேசப் போவதில்லை. அதற்கு வேளாண்மைத் துறை நண்பர் நமக்குப் பின்னர் பேச இருக்கிறார். நாம் எடுத்துக்கொண்ட பொருள் குழந்தைகளின் விளையாட்டு. இதைக் கேட்டதும் பின்வரிசையில் சிலர் நகைப்பது தெரிகிறது. நகைப்பதில் தவறில்லை. கிராம வளர்ச்சி என்றால் சிமெண்டும் கம்பியும்தான் என்று பல ஆண்டுகளாக நாமே உங்களைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

இவ்வூரின் பெயரிலேயே வாலி இருக்கிறான். வாலி வழிபட்ட தலம் இது என்பது உங்கள் நம்பிக்கை. அந்த வாலியைப் பற்றிப் பாட்டிமார் ஒரு கதை சொல்வதுண்டு. தன்னோடு பொர வந்த இராவணனை அவன் வாலினால் கட்டித் தூக்கி வந்து, தன் மகன் அங்கதன் கிடந்த தொட்டிலில் விளையாட்டுப் பொம்மையாகத் தொங்கவிட்டானாம். பத்துத் தலையும் இருபது கையும் உடைய பொம்மை! குழந்தை அதைக் காலால் உதைத்துச் சிரித்ததாம். கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொம்மை எத்துணைப் பெரிய வீரனாயினும் அதைக் கட்டிய கயிறு தகப்பன் கையில் இருந்தது. இன்று நம் வீட்டுத் தொட்டில்களிலும் பத்துத் தலை உடைய ஒரு பொம்மை தொங்குகிறது. அது பாடுகிறது, ஆடுகிறது, கதை சொல்லுகிறது, சோறு ஊட்டுவதற்கும் துணை நிற்கிறது. கயிறு யார் கையில் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

கருவிகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. இந்தப் பகுதி மக்களுக்குக் கருவி புதிதும் அன்று. 1939ஆம் ஆண்டு மே மாதத்தில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கிற்று. பின்னர் ஊராட்சிதோறும் வானொலிப் பெட்டி வந்தது. பூங்காவிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒலிபெருக்கியைக் கட்டிவைத்து, மாலையில் ஊரே கூடிக் கேட்டது. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் தஞ்சைப் பகுதியில் பரவியபோது, வானொலியில் கேட்டுப் பயிரிட்ட உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கருவியின் பெயரை ஒரு நெல்லுக்கு இட்டு அழைக்கும் அளவுக்கு அக்கருவியால் பயன் கண்டவர்கள் நம் முன்னோர். 1975ஆம் ஆண்டில் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஏற்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குப் பின் அரசே வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கிற்று. 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இணைய வசதியின் விலை சரேலென வீழ்ந்தது. இவற்றில் பலவற்றை வண்டியில் ஏற்றி வந்து உங்கள் வீட்டு வாசலில் இறக்கியவர்கள் எம்போன்ற அலுவலர்களே. எனவே கருவியைக் குறித்துக் குறை கூறும்போது அக்குறையில் ஒரு பங்கு எங்களையும் சாரும்.

ஆயினும் அன்றைய வானொலிப் பெட்டிக்கும் இன்றைய கைப்பேசிக்கும் உள்ள வேற்றுமை பெரிது. அந்தப் பெட்டி ஊருக்குப் பொது. அதற்கு ஓரிடம் உண்டு. தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் காவலர் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போவார். சிறுவர்கள் மீண்டும் தெருவில் ஓடுவார்கள். தொலைக்காட்சி கூடத்தில் இருந்தது. தாத்தாவும் பேரனும் ஒன்றாக அமர்ந்து பார்த்தார்கள், சண்டையும் இட்டுக்கொண்டார்கள். கைப்பேசியோ ஒருவனுக்கு ஒன்று. அதற்குப் பூட்டும் நேரம் இல்லை. ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படத்தைத் தானே எடுத்து வைக்கிறது. பந்தியில் உண்பவன் போதும் என்று இலையை மடித்த பின்னும் பரிமாறிக்கொண்டே இருப்பவரைப் போன்றது அது.

அதில் உள்ள ஆட்டங்களின் உட்பொருளையும் சிறிது தெரிந்துகொள்வது நலம். தாயம் ஆடுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாயம் எப்போது விழும் என்று தெரியாததனால்தான் கட்டையைக் கீழே வைக்க மனம் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் விழும் என்றால் சலித்துவிடும். ஒருபோதும் விழாது என்றாலும் எழுந்து போய்விடுவோம். விழுமோ விழாதோ என்ற அந்த இடைநிலையைத்தான் கைப்பேசி ஆட்டங்களைச் செய்வோர் நன்கு கணக்கிட்டு அமைக்கிறார்கள். நம் தாயம், விளக்கேற்றும் நேரம் வந்தால் அம்மாவின் குரலோடு முடிந்துவிடும். அந்த ஆட்டம் நள்ளிரவிலும் அழைக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில், கட்டுக்கு அடங்காத மின்னணு ஆட்டப் பழக்கத்தை ஒரு நோயாகவே சேர்த்து, அப்பட்டியல் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது என்றால், இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாதன்றோ?

இந்தக் கருவி நம் பிள்ளைகளின் கையில் எவ்வாறு நிலைத்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் கதவு திறந்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள்! கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வகுப்பறையின் இடத்தைப் பிடிக்க முயன்றன. ஆட்டுக்குட்டியை விற்றும் நகையை அடகு வைத்தும் கைப்பேசி வாங்கிக் கொடுத்த பெற்றோரை நாம் அறிவோம். பாடத்துக்காக வாங்கிய கருவி பாடம் முடிந்த பின்னும் வீட்டிலேயே இருந்துவிட்டது. நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளிடையே எடுக்கப்பட்ட அசர் கல்வி ஆய்வு 2024ஆம் ஆண்டில் கூறுவது இது: 14 முதல் 16 வயது வரையுள்ளோரில் 100க்கு 82 பேருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும். தெரிந்தவர்களுள் அதற்கு முந்தைய வாரத்தில் கல்விக்காகப் பயன்படுத்தியோர் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 சதவீதம்.

சென்ற ஆண்டு நம் அலுவலகத்துக்கு ஓர் உழவர் வந்தார். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. மக்காச்சோளம் விற்ற பணம் வங்கிக் கணக்கில் இருந்தது; அதில் 11,000 ரூபாய் குறைந்துவிட்டது, யாரோ திருடிவிட்டார்கள், வழக்குப் போட வேண்டும் என்றார். பார்த்தால், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகனே சிறிது சிறிதாக ஏதோ ஓர் ஆட்டத்தில் துப்பாக்கியும் சட்டையும் வாங்கியிருக்கிறான். உண்மையான துப்பாக்கியன்று, திரையில் தெரியும் துப்பாக்கி. பையன் அடிக்கு அஞ்சி அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் திரும்பவில்லை. "இரகசிய எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டோம். உழவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எல்லாமே அவன்தானுங்களே பார்ப்பான்" என்றார்.

அந்த ஒரு சொல்லை நாம் இன்றளவும் மறக்க முடியவில்லை. ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும் பிரதமர் கிசான் பணம் 2,000 ரூபாய் ஏறிவிட்டதா என்று பார்ப்பவன் அவன். பட்டாவை இறக்கித் தருபவன் அவன். மின்கட்டணம் கட்டுபவன் அவன். உழவன் செயலியில் மானியத்துக்குப் பதிவு செய்பவனும் அவனே. வீட்டின் கணக்குப்பிள்ளை வேலையை 14 வயதுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, கைப்பேசியைத் தொடாதே என்று எப்படிச் சொல்வது? எல்லாச் சேவையையும் கைப்பேசிக்குள் கொண்டுபோய் வைத்த நாங்கள், அதைத் திறக்கப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? கொடுக்கவில்லை. படிவத்தை மாற்றினோம், பயிற்சியை மறந்தோம். ஆகவே முதற்காரியமாக உங்களில் ஒவ்வொருவரும் பணம் செலுத்தும் இரகசிய எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளவும், நீங்களே அழுத்தவும் கற்றுக்கொள்ள வேண்டுகிறோம். மகளிர் சுய உதவிக் குழுக்களில் கணக்கு எழுதும் சகோதரிகள் இதைச் சொல்லித் தர முன்வந்தால், கூட்டம் நடத்தும் பொறுப்பை எம் அலுவலகம் ஏற்கும். வெளியார் ஏமாற்றிப் பணம் பறித்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நாள் கடந்தால் பணம் கைக்கு வருவது அரிது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை ஒடுக்கத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிற்று; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று. சட்டம் வாசல்வரை வரும், அடுக்களைக்குள் வருவதற்கில்லை.

உடல் நலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென வகுத்த நெறிமுறையில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும், அதனினும் குறைந்தால் நன்று என்றும் கூறியிருக்கிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளில் மூன்று மணி நேரம் ஓடியாடி இருக்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறைதான். முன்பு இதை எவரும் அளந்து பார்த்ததில்லை. அளக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

கண்ணைப் பற்றிய செய்தி இன்னும் கருதத்தக்கது. சீன நாட்டின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியில் விட்டார்கள். வேறு மருந்து இல்லை, கண்ணாடி இல்லை. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். இது 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி. பகல் வெளிச்சத்துக்குக் காசு கேட்பார் இல்லை. மழையைத் தவிர மற்றெல்லாம் தாராளமாகக் கிடைக்கும் நம் மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்?

இனி, நம் பிள்ளைகள் இழந்த விளையாட்டு எத்தகையது என்று பார்ப்போம். பழம்பெருமை பேசுவதற்காக அன்று. எதை மீட்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ போதும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் குழியில் எத்தனை இருக்கிறது, எங்கே தொடங்கினால் எங்கே முடியும் என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டி மனத்திலேயே கணக்கிடுவாள். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்கு வலிமை, ஆட்டுக்கு எண்ணிக்கை. ஆடுகள் ஒன்றையொன்று அடுத்து நின்றால் புலியால் தாண்ட இயலாது. விலகி நின்றால் தீர்ந்தது. அந்தக் கட்டங்களைப் பழைய கோயில்களின் கல்தளங்களிலும் பாறைகளிலும் செதுக்கி வைத்திருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். சிவகங்கை மாவட்டம் கீழடியில் நடந்த அகழாய்வில் பகடைக்காய்களும், ஆட்டக்காய்களும், சுடுமண் வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் யாரோ ஒரு பெண்குழந்தை ஓட்டுச் சில்லைத் தேய்த்து வட்டமாக்கி வைத்துக்கொண்டாள் என்று எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

ஆனால் நாம் பெரிதாக மதிப்பது இவற்றையல்ல. கிட்டிப்புள் ஆடும்போது 'புள் கோட்டைத் தாண்டிற்றா, இல்லையா' என்று அரைமணி நேரம் நடக்கும் வழக்கு இருக்கிறதே, அதைத்தான். அங்கே நடுவர் இல்லை, பெரியவர் இல்லை. கத்துவார்கள், கோபித்துக்கொண்டு போவார்கள், ஆள் குறைந்தால் ஆட்டம் நடவாது என்பதால் மறுபடி அழைத்து வருவார்கள். தோற்றவன் நாளைக்கும் வந்தாக வேண்டும். வென்றவன் அவனை வரவழைத்தாக வேண்டும். ஊராட்சி மன்றத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடப்பதும் ஏறக்குறைய இதுவே என்று. கைப்பேசி ஆட்டத்தில் தோற்றவன் பொத்தானை அழுத்தி அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறான். எதிரில் இருந்தவனை அவன் பார்ப்பதே இல்லை. சோளத்தட்டையைக் கீறி வண்டி செய்த கைகள், நுங்குக் கூந்தலில் குச்சி செருகி உருட்டிய கைகள், இன்று ஒரு கட்டைவிரலோடு நின்றுவிட்டன. சோளம் விளைந்த நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பெருகிவிட்டதால் சோளத்தட்டைக்கும் தட்டுப்பாடு என்பது வேறு செய்தி.

இவ்வளவும் கேட்டபின், 'அப்படியானால் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாம்' என்று தோன்றலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினோம். நம் இல்லத்தில் செய்தும் பார்த்தோம். பிடுங்கி வைத்த அன்று மாலை நம் மகன், "சரி, நான் எங்கே போய் விளையாடட்டும்?" என்று கேட்டான். நகரத்துக் குடியிருப்பில் அதற்கு விடை இல்லை. கிராமத்தில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அதன்பின் சுற்றுப்பயணம் போன ஊர்களிலெல்லாம் பார்த்து வந்தோம். விடை அங்கும் அவ்வளவு எளிதாக இல்லை.

ஒரு சிற்றூரில் தாய் ஒருவர் சொன்னார்: "ஐயா, அவன் செல்லோடு உட்கார்ந்திருந்தால் வீட்டில் இருக்கிறான் என்று நான் நிம்மதியாகக் களை எடுக்கப் போகலாம். வெளியே போனால் கிணறு இருக்கிறது, ரோடு இருக்கிறது." இதற்கு நாம் என்ன மறுமொழி கூற இயலும்? நம் பகுதியில் விவசாயக் கிணறுகள் ஆழமானவை. கைப்பிடிச் சுவர் இல்லாதவை பல. 2019ஆம் ஆண்டு அக்டோபரில், பக்கத்துத் திருச்சிராப்பள்ளி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில், வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, நான்கு நாள் முயன்றும் மீட்க முடியாமல் இறந்ததை எந்தத் தாய் மறப்பாள்? சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நால்வழியாக விரிந்த பின், சாலைக்கு அப்பால் உள்ள திடலுக்குச் சிறுவனைத் தனியே அனுப்ப யாருக்குத் துணிவு வரும்?

களத்துமேடு என்று ஒன்று ஊர்தோறும் இருந்தது. அறுப்புக் காலம் தவிர மற்றக் காலமெல்லாம் அது சிறுவர்களுக்குச் சொந்தம். அது இன்று எங்கே? சில ஊர்களில் ஓரமாகக் கொட்டகை எழுந்தது. பிறகு கொட்டகைக்கு முன் வைக்கோற் போர். பிறகு போருக்கு முன் ஒரு வேலி. மேய்க்கால் புறம்போக்கும் அவ்வாறே. இக்கூட்டத்தில் இருப்பவர்களில் சிலருக்கு நாம் யாரைச் சொல்லுகிறோம் என்று தெரியும். நாம் பெயர் சொல்லப் போவதில்லை. எஞ்சிய உலர்களத்தில் மாசி, பங்குனியில் மட்டுமன்றி ஏறத்தாழ ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று காய்கிறது. பள்ளி மைதானமோ மாலை நான்கரைக்குப் பூட்டப்படுகிறது.

எனவே நம் கருத்து இதுதான்: கைப்பேசி வந்து விளையாட்டை விரட்டவில்லை. இடம் போயிற்று, பாதுகாப்புப் போயிற்று, பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர் போயினர். காலியாகக் கிடந்த வீட்டில் கைப்பேசி குடியேறிவிட்டது. வீட்டுக்காரன் திரும்பி வராமல் குடியேறியவனை மட்டும் வெளியேற்றுவது நடவாது.

வேறு ஊரார் என்ன செய்தனர் என்று பார்ப்போம். மராட்டிய மாநிலத்தில் 2022ஆம் ஆண்டு இரண்டு கிராமங்கள் இதில் முனைந்தன. யவத்மால் மாவட்டத்தின் பான்சி என்னும் ஊர், 18 வயதுக்குட்பட்டோர் கைப்பேசியே தொடலாகாது என்று நவம்பரில் தீர்மானம் செய்தது. சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த மோகித்யாஞ்சே வட்காவ் என்னும் ஊர் வேறு வழியை மேற்கொண்டது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் ஊர் அது. அங்கே ஆகஸ்டு மாதத்திலிருந்து நாள்தோறும் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதும். உடனே வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிடுவார்கள், 8.30 மணிக்கு மறுபடி சங்கு ஊதும்வரை பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். தொடக்கத்தில் ஆண்கள் எள்ளி நகைத்தனராம். பெண்கள்தாம் ஊன்றி நின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அங்கன்வாடி, ஆஷா பணியாளர்களும் வீடு வீடாகச் சென்று பார்த்தார்கள்.

இவ்விரண்டில் இரண்டாவதே நமக்கு உகந்தது என்பது எம் எண்ணம். சிறுவனுக்கு மட்டும் விதித்த தடையைச் சிறுவன் மதிக்க மாட்டான்; தகப்பன் கட்டிலில் சாய்ந்துகொண்டு அரசியல் காணொலி பார்ப்பதை அவன் கண்ணால் காண்கிறான். வட்காவில் தகப்பனும் நிறுத்தினான். அதுவே அத்தீர்மானத்தின் உயிர். இன்னொன்று: அங்கே வேண்டியிருந்தது படிப்பு நேரம். நமக்கு அதற்கும் முன்னதாக, ஐந்தரை மணியிலிருந்து ஏழு மணி வரை, விளையாட்டு நேரம் வேண்டியிருக்கிறது. சங்கு வேண்டுமா, கோயில் மணியா, பள்ளிவாசலும் தேவாலயமும் உள்ள ஊர்களில் பொதுவாக என்ன செய்வது என்பவற்றை ஊரார் கூடி முடிவு செய்யலாம். அலுவலகம் அதில் தலையிடாது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இல் ஒரு வேடிக்கையைக் காணலாம். ஊராட்சி மன்றம் தன் விருப்பப்படி மேற்கொள்ளக்கூடிய பணிகளைச் சொல்லும்போது, வானொலிப் பெட்டி நிறுவுவதையும் விளையாட்டுத் திடல் அமைப்பதையும் அது ஒரே வரியில் சேர்த்துச் சொல்லுகிறது. கருவியும் திடலும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் கருதினார்களோ என்னவோ! நாம் கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு திடலை விட்டுவிட்டோம். அண்மை ஆண்டுகளில் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட விளையாட்டுப் பொருள்கள் எத்தனை ஊர்களில் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன என்று நாம் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம். பந்து தேய்ந்தால் கணக்குக் கேட்பார்கள் என்று அஞ்சிப் பூட்டி வைத்திருப்பதாக ஓர் ஊராட்சிச் செயலர் சொன்னார். தேய்ந்த பந்துக்கு நாம் கணக்குக் கேட்க மாட்டோம். புதிதாகவே இருக்கும் பந்துக்குத்தான் கேட்போம்.

பெண்குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வுரை பாதியாகவே நிற்கும். ஆண்பிள்ளை கைப்பேசி வந்தபின் விளையாட்டை விட்டான். பெண்பிள்ளை அதற்கு நெடுங்காலம் முன்பே, பத்துப் பன்னிரண்டு வயதில், விடுமாறு செய்யப்பட்டாள். பாண்டியும் அஞ்சாங்கல்லும் திண்ணையிலேயே நின்றுபோயின. திண்ணையும் இப்போது வீடு கட்டுவோரால் மறக்கப்பட்டுவிட்டது. வெளியேயும் இடமில்லை, கையில் கைப்பேசியும் கொடுக்க மாட்டோம் என்றால் அவள் என்னதான் செய்வாள்? திடலில் மாலை நேரத்தில் இரண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தால் போதும்; பெண்பிள்ளைகள் வருவார்கள். பக்கத்து ஒன்றியத்தில் ஓர் ஊரில் கைப்பந்து வலை கட்டியபின், முதல் வாரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் மூன்றாம் வாரம் தங்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்று கேட்டதை நாம் நேரில் கண்டோம். கேட்டார்கள் என்பதே பெரிது.

கைப்பேசிப் பழக்கம் மிகுந்து, உணவும் உறக்கமும் கெட்டு, கருவியை எடுத்தால் வெறிகொள்ளும் நிலையில் ஒரு பிள்ளை இருந்தால், அடிப்பதால் பயனில்லை. பூசாரியிடம் அழைத்துப் போவதாலும் பயனில்லை. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட வேண்டா.

அடுத்த கிராம சபைக்கு முன்னர் இவ்வட்டாரத்தில் செய்ய எண்ணியிருப்பதைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு எங்கிருந்தாலும் ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுங்கள். உங்கள் வயலில் உள்ளதாயினும் மறைக்க வேண்டா, மூடித் தருகிறோம். களம் புறம்போக்கை அளப்பதற்கு நில அளவரைக் கேட்டிருக்கிறோம். அவர் வரும் நாளில் அக்கம்பக்கத்துக்காரர்கள் இருக்க வேண்டும், இல்லாவிடினும் அளவு நடக்கும். உலர்களத்தில் மாலை ஐந்து மணிக்குமேல் மக்காச்சோளம் பரப்பாமல் ஒரு பக்கமாகக் குவித்துத் தார்ப்பாய் போட இயலுமா என்று உழவர்கள் தங்களுக்குள் பேசிச் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் எப்படியும் குவிக்கத்தானே செய்கிறீர்கள்? பள்ளி மைதானத்தின் சாவியைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து யார் வைத்துக்கொள்வது என்பதைத் தலைமையாசிரியரோடு பேசி முடிக்க வேண்டும். திடலுக்கு ஒரு விளக்குக் கம்பம் நாம் போட்டுத் தருவோம். ஏழு மணிக்குச் சென்று அதை அணைத்துவிட்டு, பிள்ளைகள் எல்லாரும் வீடு சேர்ந்தார்களா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதற்குச் சம்பளம் இல்லை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.